கரைப்பக்க முனை

திரையின் நடுவில் ஓடிக்கொண்டிருந்த கறுப்புப் பட்டை மெலியத் தொடங்கியதும் கோமதிக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் சற்று நேரத்தில் போன் அடிக்கும். இரண்டும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகத்தான் வரும். படகு கரையை நெருங்கினால் கடலின் ஆழம் குறையும், ஆழம் குறைந்தால் பட்டை மெலியும், அதே இடத்தில்தான் தூத்துக்குடியின் சிக்னல் அவள் போனுக்கு எட்டும். கோடு பிடித்தாற்போல நேராக வெளிக்கடலுக்குப் போவது, முனையில் திரும்பிப் பக்கத்துக் கோட்டில் கரைக்கு வருவது, மறுபடி போவது என்று காலையிலிருந்து வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெளிமுனையில் போன் செத்துக் கிடக்கும், கரைமுனையில் உயிர் வரும். உயிர் வரும் என்று நினைத்துவிட்டு அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தாள். தொண்டை அடைக்கும், கண் கலங்கும், குறைந்தபட்சம் கை நடுங்கும். ஒன்றும் ஆகவில்லை. கை மவுஸின் மேல் ஒழுங்காக இருந்தது. பட்டை இரண்டு விரல்கடை அளவுக்கு ஒடுங்கியபோது அவள் வாய் பழக்கத்தில் "ஏத்து" என்று கத்தியது, பின்தளத்தில் வின்ச்சுக்குப் பக்கத்தில் நின்ற ஹாரூன் "ஏத்துறேன்" என்று பதில் கத்திக் கேபிளைச் சுருட்டினான். மேசையின் மேல் போன் நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. செல்வி அக்கா. கோமதி அதைப் பார்த்தாள். இப்போது எடுக்க முடியாது, கரைமுனையில் கண்ணை எடுக்கவே கூடாது என்று பாடம் நடத்துகிற பெனிட்டா மேடம் சொல்லியிருக்கிறார்கள், மீனை ஏற்றுகிற நேரம். நல்ல சாக்கு. படகு சாய்ந்து திரும்பியது, போன் அடித்து ஓய்ந்தது, சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன, அவள் அடுத்த கோட்டின் எண்ணைத் தட்டச்சு செய்தாள்.

மீன் என்றால் நிஜ மீன் இல்லை. படகுக்குப் பின்னால் தண்ணீருக்குள் கேபிளில் கட்டி இழுத்துக்கொண்டு வருகிற மஞ்சள் நிறக் கருவி, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கம்மி, வாலில் துடுப்பு வைத்தது. அது கடலின் தரைக்கு மேலே நீந்தியபடி இரண்டு பக்கமும் சத்தத்தை வீசும். திரும்பி வருகிற சத்தம் திரையில் படமாக மேலிருந்து கீழே வழிந்துகொண்டே இருக்கும். நடுவில் இருக்கிற கறுப்பு, மீனுக்கும் தரைக்கும் நடுவே உள்ள வெறும் தண்ணீர். அந்தக் கறுப்பு இல்லாமல் போனால் மீன் மண்ணில் மூக்கைக் குத்திவிட்டது என்று அர்த்தம். கடல்சார் புவி இயற்பியல் என்று நீட்டி முழக்கிப் பெயர் வைத்திருக்கிற முதுநிலைப் படிப்பில் இரண்டாம் வருடக் களப்பயிற்சி இவ்வளவுதான், ஒரு வாடகை விசைப்படகு, ஒரு மஞ்சள் மீன், மாற்றி மாற்றி அதற்குக் காவல் இருக்கிற மாணவர்கள். ஓட்டுகிறவர் சிலுவை அண்ணன், தூத்துக்குடிக்காரர், முதல் நாளே கேபிளில் கட்டிய மீனைப் பார்த்துவிட்டு, "இத்தன வருசமா நாங்க மீனப் புடிக்கக் கடலுக்கு வாறோம். நீங்க மீனக் கொண்டாந்து கடல்ல விடுறிய. படிச்சவுக வேல தனிதான்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். கோமதியும் அன்றைக்குச் சிரித்தாள். அது போன வாரம். போன வாரம் அப்பா சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளின் சீட்டில் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளிக்கடலை நோக்கிப் போகும்போது வேலை கம்மி. தரை இறங்கிக்கொண்டே போகும், கறுப்புப் பட்டை அகலும், அவ்வப்போது "இறக்கு" என்றால் போதும். மண், மண், மறுபடி மண். அலை வரித்த மணல் திரையில் துவைத்துப் பிழிந்து உதறாமல் போட்ட வேட்டி மாதிரி சுருக்கம் சுருக்கமாக வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் மனசு தானாக ஐ.சி.யு.வுக்குப் போய்விடும். போகாதே என்று சொன்னால் கேட்காது, கேட்கிற மனசாக இருந்தால் அவள் இங்கே வந்திருக்கவே மாட்டாள். திருநெல்வேலியில் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. நேற்றுச் சாயங்காலம் பார்வையாளர் நேரம். அப்பாவின் வாயில் குழாய், குழாயைக் கன்னத்தோடு சேர்த்து ஒட்டிய பிளாஸ்டர், பிளாஸ்டரில் மாட்டிக்கொண்ட வெள்ளை மீசை. யாராவது அந்த மீசையை விலக்கிவிட்டு ஒட்டியிருக்கலாம். தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள், சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் பைப்படியிலேயே சரிந்துவிட்டார் என்று அக்கா சொன்னாள். அம்மா கோமதி ஏழாவது படிக்கும்போதே போய்விட்டாள், அதனால் வராந்தாவில் அக்காவும் இவளும்தான். டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்லவராகத்தான் தெரிந்தார், உட்காரவைத்துப் பேசினார். "உங்கப்பா தானா மூச்சு விடல. மெஷின்தான் விடுது. வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னா கொண்டுபோகலாம். ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்க." வீட்டுக்குக் கொண்டுபோவது என்றால் என்னவென்று அந்த வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள், ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வருவார், வீட்டு வாசலில் இறக்கி, உள்ளே கிடத்தி, சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார். அவ்வளவுதான். அக்கா கோமதியைப் பார்த்தாள். கோமதி, "காலைல சொல்லுதேன்க்கா" என்றாள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தூத்துக்குடிக்கு வந்துவிட்டாள்.

களப்பயிற்சிக்கு வராவிட்டால் மதிப்பெண் கிடையாது என்று அக்காவிடம் சொன்னது பொய் இல்லை. ஆனால் அதற்காக அவள் வரவில்லை. வந்ததற்குக் காரணம் வேறு, அதை அக்காவிடம் சொல்லவில்லை, ஹாரூனிடமும் சொல்லவில்லை, இந்தக் கடலிடம் வேண்டுமானால் சொல்லலாம், அது யாரிடமும் போய்ச் சொல்லாது. அப்பாவின் தலைமாட்டில் இருந்த மெஷினில் ஒரு திரை. அதில் மூச்சு ஒரு கோடாக ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் முகத்தைப் பார்ப்பார்கள், இவள் திரையைப் பார்த்தாள். கண்ணுக்குப் பழகிப்போன வேலை அது, திரை ஓடினால் படிக்காமல் இருக்க முடியாது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. பெனிட்டா மேடம் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது அதைத்தான். பதிவில் ஏதாவது ஒன்று அளவெடுத்தாற்போல ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறதா, அது தரை இல்லை, உன் படகின் இன்ஜின் சத்தம், கடலில் எதுவும் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. அப்பாவின் மூச்சு அவ்வளவு ஒழுங்காக இருந்தது. ஒரே உயரம், ஒரே இடைவெளி. வாழ்நாளில் ஒரு காரியத்தையும் அப்பா அப்படி ஒழுங்காகச் செய்ததில்லை. சாப்பிடுகிற வேகம் ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது, தூங்கினால் குறட்டை பாதியில் நின்று வீட்டில் எல்லோரையும் பயமுறுத்திவிட்டு மறுபடி தொடங்கும். ஆகையால் டாக்டர் சொல்வதற்கு முன்னமேயே அவளுக்குத் தெரியும், இது அப்பா இல்லை, இன்ஜின். தெரிந்துகொண்டு சும்மா நின்றாள். அப்போதுதான் அது வந்தது. இரண்டு ஏற்றத்துக்கு நடுவில், வரக்கூடாத இடத்தில், சின்னதாக ஒன்று. ஒரே ஒரு தடவை. அவள் அப்பாவின் நெஞ்சைப் பார்ப்பதற்குள் போய்விட்டது.

அதை நினைத்தால் மட்டும் உள்ளே எங்கேயோ ஒரு முனை தட்டுகிறது. மற்ற எதற்கும் இல்லை. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து தோளைத் தொடுகிறவரைக்கும் அது மறுபடி வருமா என்று பார்த்துக்கொண்டே நின்றாள், வரவில்லை. ஒரு கோட்டில் தெரிந்த பொருள் பக்கத்துக் கோட்டிலும் தெரிந்தால்தான் அப்படி ஒன்று இருப்பதாகக் குறிக்க வேண்டும், ஒரு தடவை மட்டும் தெரிந்தால் அது மீன்கூட்டமாக இருக்கலாம், குப்பையாக இருக்கலாம், உன் ஆசையாகக்கூட இருக்கலாம், இதுவும் மேடம் சொன்னதுதான். சரி. அப்படியானால் குறிக்கக்கூடாது. அப்படியானால் அக்காவிடம் சொல்லக்கூடாது. ஆனால் சொல்லாமல் விட்டு, வாசலில் பையிலிருந்து கையை எடுத்த பிறகு, அது அப்பாவாகவே இருந்திருந்தால்? சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அக்கா விடவே மாட்டாள். இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம், அந்த மீசையில் பிளாஸ்டரோடு, முதுகு புண்ணாகி, அப்பாவை அப்படியே வைத்திருப்பாள். அதற்கு நான் காரணமாவேன். இதற்கும் நான்தான் காரணமாவேன். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு செக்கு மாடு மாதிரி மறுபடி முதலிலிருந்து சுற்றும். இரண்டு ஏற்றத்துக்கு நடுவில், வரக்கூடாத இடத்தில், சின்னதாக ஒன்று. அவள் திரையைப் பார்த்தாள். மண். பட்டை அகலமாக இருந்தது. "இறக்கு" என்றாள்.

வெளிமுனையில் படகு திரும்பும்போது ஹாரூன் கேபின் வாசலில் வந்து நின்றான். காயல்பட்டினத்துப் பையன், வகுப்பில் இவளுக்குப் பக்கத்து இருக்கை, ஓயாமல் பேசுகிறவன். "அப்பாக்கு எப்படி இருக்கு?" என்றான். "அப்டியேதான்" என்றாள். அது உண்மையான பதிலாகவும் இருந்தது. அவன் டப்பாவிலிருந்து இரண்டு பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அவளுக்குப் பசித்தது. இந்த நேரத்தில் பசிக்கிறதே என்று வெட்கமாக இருந்தது, அந்த வெட்கமும் வேறு யாருடையதோ மாதிரி தூரத்தில் இருந்தது. பிஸ்கட்டைத் தின்றாள். அப்பாவோடு கடைசியாகப் பேசியது என்ன என்று யோசித்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் போனில் பாட்டுக் கேட்கும்போது நடுவில் விளம்பரம் வந்துவிடுகிறதாம், அதை எப்படி நிறுத்துவது என்று கேட்டார். மூலையில் ஒரு பெருக்கல் குறி வரும், அதை அமுக்குங்கப்பா என்றாள். வரவில்லையே என்றார். வரும்ப்பா, கொஞ்சம் பொறுங்க என்றாள். வரலியேட்டி என்றார். எனக்கு வேல இருக்குப்பா, அக்காட்டக் கேளுங்க என்று வைத்துவிட்டாள். இந்தப் படிப்பில் சேர்ந்தபோது பிடிக்காமல் ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவர், கிராம நிர்வாக அலுவலர் தேர்வுக்கு அவரே விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தவர், அப்புறம் அதையெல்லாம் விட்டுவிட்டு, விடுமுறை முடிந்து கிளம்பும்போதெல்லாம் ஸ்டாண்டைப் பூட்டிவிட்டுவந்து பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தார். ஜன்னலோர இடம்தான் பிடிப்பார், பின்சக்கரத்துக்கு மேலே இருந்தால் உட்காரவிடமாட்டார், தூக்கிப்போடும் என்பார். ஒரு பெருக்கல் குறிக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று அவளுக்கு. இதற்குக்கூட அழுகை வரவில்லை. உப்புக் காற்றில் உதடு காய்ந்து வெடித்திருந்தது, நாக்கால் தடவினால் எரிந்தது, அது ஒன்றுதான் உடம்பில் தெளிவாகத் தெரிந்தது.

கரையை நோக்கி வரும் கோட்டில், என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட வேண்டும் என்று நினைத்தாள். இரண்டே வாக்கியம். கொண்டுபோயிரலாம்க்கா. இல்லையென்றால், ரெண்டு நாள் பாப்போம்க்கா. இரண்டையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன, அடுத்த வீட்டு விஷயம் மாதிரி. கொண்டுபோயிரலாம் என்று சொன்னால் அக்கா ஏன் என்று கேட்கமாட்டாள், நீ படிச்சவ, உனக்குத் தெரியும் என்பாள், எதற்கெடுத்தாலும் அப்படித்தான், மிக்ஸி ரிப்பேர் ஆனாலும் நீ படிச்சவ. என்ன படித்தேன் அக்கா நான். கடலுக்கு அடியில் மண் எப்படிக் கிடக்கிறது என்று படித்தேன். அதுவும் மண்ணைப் பார்த்துப் படிக்கவில்லை, சத்தம் போட்டுவிட்டு அது திரும்பி வருவதைப் பார்த்துப் படித்தேன். திரையில் ஒரு பழைய வலை வந்தது, கசங்கிய கூந்தல் மாதிரி, பின்னாலேயே அதன் நிழல். எவ்வளவு உயரம் எழும்பி நிற்கிறது என்பதை நிழலை அளந்துதான் சொல்ல முடியும். அவள் அதைக் குறிக்கவில்லை. குறித்திருக்க வேண்டும். இரண்டு ஏற்றத்துக்கு நடுவில், சின்னதாக. நர்ஸ் அப்போது எங்கே நின்றாள்? குழாயை யாராவது தொட்டார்களா? தொடவில்லை. தொட்டிருக்கலாம். ஃபேன் காற்றில் போர்வை அசைந்ததா? போர்வை அசைந்தால் திரையில் வருமா? மேசையின் மேல் போன் நடுங்கத் தொடங்கியது. செல்வி அக்கா. இவ்வளவு சீக்கிரமா கரை வந்துவிட்டது? அவள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பச்சை வட்டம் மேலும் கீழும் துள்ளியது. விரலை அதன் மேல் கொண்டுபோனாள். விரல் அங்கேயே நின்றது. எடு என்றால் எடுக்காது, விடு என்றால் விடாது, அப்பாவின் விரல்களும் நேற்று இப்படித்தான் போர்வையின் மேல் யாருடையதோ மாதிரி இருந்தன. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. பின்தளத்திலிருந்து ஹாரூன் "கோமதி? ஏத்தவா? கோமதி?" என்று கேட்டுக்கொண்டிருப்பது வெகு தூரத்தில் கேட்டது.

அதற்குள் கேபின் கதவு படாரென்று திறந்தது. "கோமதி! கண்ணு எங்க இருக்கு உனக்கு?" பெனிட்டா மேடம். நிமிர்ந்து பார்த்தால் திரையில் கறுப்பே இல்லை. முழுக்க வெள்ளைப் புள்ளி, ஆகாயத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம் தெரியாத புழுதி. மேடம் வாசலிலேயே நின்று "ஏத்து, ஏத்து, ஃபுல்லா ஏத்து" என்று கத்தினார்கள், சிலுவை அண்ணன் வேகத்தைக் குறைத்தார், வின்ச் அலறியது. மீன் மேலே வந்தபோது அதன் மூக்கு முழுக்கச் சேறு, துடுப்பில் கடல்புல் மாலை போட்டாற்போலத் தொங்கியது. உடையவில்லை. சிலுவை அண்ணன் சுக்கானைப் பிடித்தபடி எட்டிப் பார்த்து, "மண்ணத் தின்னுட்டு வந்துருக்கு பிள்ள ஒங்க மீனு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஹாரூன் வாளியில் கடல் தண்ணீர் மொண்டு ஊற்றிக் கழுவினான். மேடத்துக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, குரல் தாழ்ந்துவிடும். "இருக்கறது ஒரே ஒரு கருவி. கேபிள் அறுந்திருந்தா உன் பேட்ச் மட்டும் இல்ல, அடுத்த வருஷம் வர்ற பிள்ளைங்களும் படத்துலதான் பார்த்துப் படிக்கணும். தெரியுதா?" தெரியுது மேடம். "யார் போன்ல?" வீட்ல இருந்து மேடம். "பேசணும்னா எழுந்து போய்ப் பேசு. பேச வேண்டாம்னா ஆஃப் பண்ணு. ரெண்டும் இல்லாம மடியில வச்சுட்டு உட்காராத." சரி மேடம். சொல்லியிருக்கலாம். எங்கப்பா மேடம், என்று ஒரு வார்த்தை. மேடம் கெட்டவர்கள் இல்லை, உடனே படகைக் கரைக்கு விடச் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் சொல்லவில்லை. கரைக்குப் போனால் பஸ் இருக்கிறது, பஸ் திருநெல்வேலிக்குப் போகும், திருநெல்வேலியில் மூன்றாவது மாடி இருக்கிறது. மீன் மறுபடி தண்ணீருக்குள் இறங்கியது. படகு வெளிக்கடலைப் பார்த்துத் திரும்பியது. சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன, அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது.

உச்சி வெயில். கேபினுக்குள் டீசல் வாடை, மேசைக்கடியில் யாரோ விட்டுப்போன செருப்பு அலைக்கு ஏற்ற மாதிரி அங்கேயும் இங்கேயும் போய்வந்தது. அதையே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. கடல் அமைதியாக இருந்தது. இந்தக் கோட்டிலும் அந்தப் பழைய வலை வந்தது, அதே இடத்தில், இப்போது மறுபக்கத்திலிருந்து, நிழல் திசை மாறி விழுந்திருந்தது. இருக்கிறது, அப்படியானால் அது நிஜமாகவே இருக்கிறது. குறித்தாள். அப்பாவுக்கு இன்னொரு கோடு ஓட்டிப் பார்க்க முடியாது என்று அப்போது தோன்றியது. நான் ஓடிவந்துவிட்டேன். நின்று பார்த்திருக்க வேண்டும். பார்த்தால் வந்துவிடுமோ என்று பயந்தேனா, வராமலே போய்விடுமோ என்று பயந்தேனா? இரண்டுக்கும்தான். ஒரு பக்கம் அவர் மூச்சு விட வேண்டும் என்று நினைத்தேன், இன்னொரு பக்கம் விட்டுத் தொலைக்காதீங்கப்பா, விட்டால் நான் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தேன். பெற்ற அப்பாவைப் பற்றி இப்படி நினைக்க முடிகிறதே என்று தன்மேல் அருவருப்பாக இருந்தது. அருவருப்பு நல்ல விஷயமாக இருந்தது, ஏதோ ஒன்றாவது உள்ளே உயிரோடு இருக்கிறது. வெளிமுனை வந்தது. படகு திரும்பியது. அக்காவிடம் சொல்லிவிட வேண்டும், கொண்டுபோவதா வேண்டாமா என்பதை இல்லை, அந்தச் சின்னதை. ஒரு தடவை பார்த்தேன், மறுபடி பார்க்கவில்லை, என்னவென்று தெரியாது, உன்னிடம் சொல்லாமல் ஓடிவந்துவிட்டேன். அதற்குமேல் அக்கா என்ன சொன்னாலும் சரி. இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோடு முழுக்க அதையே சொன்னாள்.

கறுப்புப் பட்டை மெலியத் தொடங்கியதும் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "மேடம், நீங்க கொஞ்சம் பாத்துக்கிடுங்க. எங்கப்பா ஆஸ்பத்திரில இருக்காவ." கேபின் வாசலில் நின்ற மேடம் உடனே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கோமதி வெளியே வந்து சுக்கான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிக்னலில் ஒரு கோடு வந்தது. போனது. இரண்டு கோடு. அக்கா கூப்பிடுவதற்கு முன்னால் இவளே கூப்பிட்டாள், அக்கா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "ஏட்டி, எங்கடி போன? காலைலருந்து அடிச்சு அடிச்சுப் பாக்கேன்." அக்காவின் குரலுக்குப் பின்னால் ஏதோ இரைச்சல், வண்டி ஓடுகிற இரைச்சல். கோமதி, "யக்கா, ஒண்ணு சொல்லணும். நேத்து சாங்காலம் அந்த மெஷின்ல..." என்று தொடங்கினாள். "தெரியும்டி" என்றாள் அக்கா. "நடுவுல சின்னதா ஒண்ணு வந்துச்சே, அதான? ஒன் பின்னாலதான நின்னேன், நானும் பாத்தேன். ஒன்ட்டச் சொன்னா நீ மறுபடி ஆசப்படுவன்னுட்டுச் சொல்லல. டாக்டர்ட்டப் போயிக் கேட்டேன். குழாய்க்குள்ள தண்ணி தேங்குனா அப்டி வருமாம். எனக்கு மனசு ஆறல. குழாயக் கழட்டித் தண்ணிய வடிச்சுட்டு, திரும்ப மாட்டி, காமிச்சாரு. அப்பறம் வரவே இல்லட்டி. ரொம்ப நேரம் நின்னு பாத்தேன்." கோமதி கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "நீ எங்கக்கா இருக்க?" என்றாள். "ஆம்புலன்ஸ்ல. கிளம்பிட்டோம். நீ சொல்லணும்னு காத்திருந்தா நீ சொல்லமாட்டன்னு எனக்குத் தெரியாதா? காலைலயே டாக்டர்ட்ட நான் சொல்லிட்டேன். அதக் கேக்கதுக்கு ஒனக்குப் போன் போடல. வீடு போறதுக்குள்ள அப்பாட்ட நீ ஒரு வார்த்த பேசணும்ல, அதுக்குத்தான் போட்டுட்டே இருக்கேன். ஆஸ்பத்திரில இருந்தப்பவும் போட்டேன், ஏத்தும்போதும் போட்டேன். பணியாரம் மாதிரி வாயக் குவிச்சுட்டு நிக்காத, பேசு. காதுல வைக்கேன்."

அக்காவின் குரல் விலகியது. அந்த இடத்தில் ஒரு சத்தம் வந்தது, புஸ் என்று அமுங்கி, சற்று நின்று, மறுபடி புஸ் என்று. ஒழுங்கில்லாத சத்தம். பையை அமுக்குகிற ஆளின் கை அசந்துபோயிருக்க வேண்டும், வண்டி பள்ளத்தில் இறங்கும்போது தப்பியது, அப்புறம் அவசரமாக இரண்டு தடவை வந்தது. சிலுவை அண்ணன் திருப்புவதற்காகச் சுக்கானைச் சுற்றத் தொடங்கினார். "அண்ணே, திருப்பாதீங்க" என்றாள் கோமதி. அவர் கேபினுக்குள் மேடத்தைப் பார்த்தார். மேடம் அங்கிருந்து கையைக் காட்டினார்கள், நேரா போங்க. ஹாரூன் கேட்காமலே வின்ச்சை முழுக்க ஏற்றினான். கோடு முடிந்து, அதற்கு அப்பால், யாரும் அளக்காத இடத்துக்குள் படகு கரையைப் பார்த்துப் போனது. "அப்பா" என்றாள். "கோமு பேசுதேன்ப்பா." புஸ். மன்னிச்சிருங்க என்பதெல்லாம் அவர்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிப் பழகிய பேச்சு இல்லை. சும்மா இருந்தால் அந்தச் சத்தம் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கும். ஆகையால் கண்ணில் பட்டதைச் சொல்லத் தொடங்கினாள். "கரை தெரியுதுப்பா. உப்புக் குமிச்சு வச்சிருக்கான், வெள்ளையா இருக்கு. ஒரு கோயில் தெரியுது, மாதா கோயிலு. ரெண்டு போட்டு நிக்கி, நீலக்கலர்ல ஒண்ணு. ஒரு ஆளு வலையக் காயப்போடுதாரு. இங்க வெயிலு கொஞ்சம் ஜாஸ்திப்பா." குரல் எங்கேயோ உடைந்தது, உடைந்தபடியே சொல்லிக்கொண்டு போனாள், கண்ணில் தண்ணீர் வந்து கரை கலங்கியதால் அடுத்து என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, தெரியாததையும் சொன்னாள். மரம் இருக்குப்பா. பஸ் போகுதுப்பா. அக்காவின் குரல் தூரத்திலிருந்து, யாரிடமோ சொல்கிற மாதிரி, "மெல்லப் போங்கண்ணே, ஸ்பீட் பிரேக்கர் இருக்கு, தெரு வந்துட்டு" என்றது. வண்டி நின்றது. பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது, நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரும் போனை அப்பாவின் காதிலிருந்து எடுக்கவில்லை. கோமதி பேசுவதை நிறுத்தவில்லை.